காத்தக்காவும் பூஜை பார்த்த டேங்கும்

அந்த அக்கா முன்னால் "பரவால்ல" என்று சொல்லக் கூடாது. சொன்னால் திட்டமாட்டார். கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைப்பார். கையைத் துணியில் துடைப்பார். எதிர்க்கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நாம் பின்னாலேயே போய், "சரிக்கா, சரியாவே செஞ்சுருங்க" என்று சொல்லும் வரைக்கும் வேலை நடக்காது. லொறி நிற்கட்டும், பஸ் நிற்கட்டும், பெரிய மனுசன் ஜீப் நிற்கட்டும். அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகிற றோட்டில் ஒரு வளைவில் தகரம் அடித்த கராஜ். அதுதான் அவர் இடம். சிங்கள லொறிக்காரர்கள் அவரை "பாஸ் நோனா" என்பார்கள். மேசனும் பாஸ், தச்சனும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ். ஒரு பொம்பளை பாஸாக வந்து நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் ஒரு நோனாவை, அதாவது அம்மாவை, ஒட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் "காத்தக்கா" என்றார்கள். பிரேக், டியூப், கம்பிரசர் என்று காற்று சம்பந்தப்பட்ட எல்லாம் அவரிடம் போனதால் அந்தப் பெயர். அவருக்கு இடது காது கேட்காது. ஏன் என்று கேட்டால், "காதைக் காத்து கொண்டு போயிருச்சு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்த வாயை இப்போது நினைத்தால் நானே அறையலாம் போலிருக்கிறது.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சில பேர் இன்றைக்கும் அவரை "டேங்க் உடைக்கிற பொம்பளை" என்கிறார்கள். வேலை தெரியாதவர் என்கிறார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான். அதை உடைக்க வேண்டியவனும் நான்தான்.

நான் பஸ் டிரைவர். மஸ்கெலியா–ஹட்டன் றோட்டில் பன்னிரண்டு வருசம் ஓட்டினேன். டீசல் எண்ணெய்க்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் முதலாளி பஸ்ஸை ஓரம் கட்டினார். பிறகு வண்டி உடைக்கிற இடத்துக்கு விற்றார். எனக்கு வேலை இல்லை. வீட்டுக்கு முன்னால் றோட்டோரமாக ஒரு அறை இருந்தது. அதில் டயர் கடை போடுவது என்று முடிவு செய்தேன். ஜாக்கி, லீவர், ஒட்டுப் போடுகிற சாமான் எல்லாம் சேர்ந்தது. ஒரு மோட்டாரும் காற்றடிக்கிற பம்பும் பழசாகக் கிடைத்தது. இல்லாதது ஒன்றுதான். காற்றைப் பிடித்து வைக்கிற டேங்க்.

புதுசுக்கு விலை கேட்டேன். கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். அந்த நேரம் சாமான் விலை ஏறிய ஏற்றத்தை எங்கள் மலை பஸ்கூட ஏறியிருக்காது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவன் சமையல் கேஸ் சிலிண்டரில் வால்வைக் கழற்றிவிட்டு ஓஸ் போடச் சொன்னான். ஒருவன் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடைத்து வருகிற மெல்லிய சிலிண்டர் இருக்கிறது என்றான். இன்னொருவன் தண்ணீர் போகிற பிளாஸ்டிக் பைப்பை இரண்டு பக்கமும் மூடித் தருவதாகச் சொன்னான். அவனுடைய மச்சான் அப்படித்தான் வைத்திருக்கிறானாம். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒரே சொல்தான். "பரவால்லண்ணே, தாங்கும்."

இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகும், சட்டி வைத்துவிட்டுப் பரவால்ல என்போம். கக்கூஸுக்குக் கதவு இருக்காது, சாக்கைத் தொங்கவிட்டுப் பரவால்ல என்போம். எங்களுக்கு வர வேண்டியது வராத இடத்திலெல்லாம் இந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது எங்கள் வாயில் இருக்கிற வரைக்கும் எவனும் எங்களுக்கு எதையும் சரியாகச் செய்து தரப்போவதில்லை. இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இந்தப் புத்தி இல்லை.

கடைசியில் ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரு டேங்க் கண்ணில் பட்டது. வெள்ளிப் பெயின்ட் பளபளவென்று மின்னியது. வயிற்றில் மூன்று சந்தனக் கோடு, நடுவில் குங்குமம்.

"ஒரு கடைல இருந்தது. வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடிச்சு, மாலை போட்டு, சாமி மாதிரி வச்சிருந்தாங்க. தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றான் கடைக்காரன். விலையும் என் கைக்கு எட்டியது. ஓட்டோவில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

அக்காவிடம் கொண்டு போனது சோதித்துப் பார்க்க அல்ல. ஓஸ் மாட்ட ஒரு நிப்பிள் வெல்டிங் வைக்க.

"எறக்குங்க டிரைவரு."

"எறக்கெல்லாம் வேணாங்க்கா. ஓட்டோல இருக்கவே ஒரு நிப்பிளு ஒட்டிக் குடுங்க, போயிருறேன்."

"காத்து வைக்கிற டேங்குல நான் நெருப்பு வைக்க மாட்டேன். எறக்குங்க."

இறக்கினேன். சின்ன ஸ்பேனரை எடுத்து, வலது காதை டேங்கோடு ஒட்டி, மேலேயிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். மேலே மணி மாதிரிக் கணீரென்றது. கீழே வர வர மண் நிறைந்த தகரத்தைத் தட்டுகிற சத்தம். மறுபடி தட்டினார். மறுபடி அதே சத்தம்.

"இதுக்கு என்னா வயசு?"

"தெரியாதுங்க்கா."

"இருங்க, பாத்துச் சொல்றேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அடிப்பக்கத்தைச் சுரண்டினார். வெள்ளிக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே பச்சை. அதற்குக் கீழே சிவப்பு, பிறகு மறுபடி வெள்ளி. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. "ஒம்போது பூஜை பாத்திருக்கு. பூஜைக்கு ஒரு சட்டை. இந்தா, அடியில தண்ணி தொறந்து விடுற ஆணி. அதுக்கும் சேத்துப் பெயின்ட்டு அடிச்சு அடைச்சிருக்காங்க. ஒம்போது வருசத்துல ஒரு சொட்டு வெளிய விடல. சாமி மாதிரி வச்சிருந்தாங்களாம்!"

விசயம் இதுதான். காற்றை அமுக்கி அடைத்தால் அதில் இருக்கிற ஈரம் தண்ணீராகி டேங்குக்கு அடியில் தேங்கும். எங்கள் ஊரில் பாதிக் காற்று, பாதிப் பனிமூட்டம். தினமும் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாவிட்டால் அது இரும்பை உள்ளே இருந்து தின்னும். வெளியே பளபளப்புக்கு ஒரு குறையும் இருக்காது. இது எனக்குத் தெரியாததா? பஸ்ஸின் காற்றுப் பிரேக் டேங்கைப் பன்னிரண்டு வருசம் காலையில் திறந்துவிட்டவன் நான். தெரிந்தும் வாங்கினேன். மடையன் என்பதற்கு மேல் ஒரு சொல் இருந்தால் அது எனக்குத்தான்.

ஆனால் அன்றைக்கு வாய் வேறு சொன்னது.

"பரவால்லக்கா. நான் கொஞ்சமாத்தான் காத்து ஏத்துவேன்."

ஸ்பேனர் கீழே போனது. அக்கா எதிர்க்கடைக்குப் போனார்.

ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் வீம்பாக நின்றேன். பிறகு நானும் போனேன்.

"சரிக்கா. என்னா செய்யணுமோ செய்ங்க."

அவர் பிளேன்டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "அத எங்க வைக்கப் போறீங்க?"

"கடைக்குள்ள. செவத்தோரமா."

"செவத்துக்கு அந்தப் பக்கம்?"

அது பலகைச் சுவர். அந்தப் பக்கம் என் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் அந்தப் பலகையில் முதுகை வைத்துக்கொண்டுதான் தைப்பாள்.

"வீடு" என்றேன். "வீட்டுக்காரி தைப்பா."

அக்கா மிச்சத் தேநீரை ஒரே மிடறில் குடித்தார். "வாங்க, தண்ணி குடுத்துப் பாப்போம்."

தண்ணீர் கொடுப்பது என்றால், டேங்கில் காற்றே இல்லாமல் தளும்பத் தளும்பத் தண்ணீரை நிரப்பி, குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கிற கைப்பம்பால் அமுக்கம் ஏற்றுவது. நூற்றிருபது பவுண்ட் அமுக்கத்தில் வேலை செய்கிற டேங்க் நூற்றெண்பதில் அசையாமல் நிற்க வேண்டும். அது அவர் கணக்கு.

"காத்தையே அடிச்சுப் பாத்தா என்னாக்கா?"

"தண்ணி கோவிச்சா அழுவும். காத்து கோவிச்சா கொல்லும்."

பம்பை அடித்தார். மீட்டர் முள் இருபதுக்கு வந்தது. நாற்பதுக்கு வந்தது. அறுபதைத் தொடவில்லை. அடியில் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். துருத் தண்ணீர் சாயம் ஊறின தேயிலை நிறத்தில் ஓடியது. கிழிந்த இடத்தில் பெயின்ட் தோல் மாதிரித் தொங்கியது.

"இரும்பு எப்பவோ போயிருச்சு" என்றார் அக்கா. "பெயின்ட்டுதான் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

நல்ல மனுசனாக இருந்தால் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். நான், "உங்க பம்புதான் உடைச்சிச்சு" என்றேன். "குடுங்க, வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துருறேன்."

"குடுத்தா அவன் என்னா செய்வான்?"

"அது அவன் பாடு."

"ஒட்டுப் போடுவான். பத்தாவது பெயின்ட்டு அடிப்பான். பொட்டு வைப்பான். இன்னொரு டிரைவரு வருவாரு. அவரு வீட்டுச் செவத்துக்கு அந்தப் பக்கமும் யாராவது இருப்பாங்க."

சொல்லிவிட்டுக் கிரைண்டரை எடுத்தார். என் கண் முன்னாலேயே டேங்கை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார்.

நான் கத்தினேன். அச்சில் வர முடியாததெல்லாம் சொன்னேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றும் கேட்டேன். அவர் நிமிரவில்லை. இடது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அறுத்து முடித்தார்.

அன்றைக்கே பஸ் ஸ்டான்டில் போய்ச் சொன்னேன், நல்ல டேங்கை உடைத்துவிட்டாள் என்று. அந்த ஸ்டான்டுக்கு இப்படி ஒரு சோறு எத்தனை நாளாகக் கிடைக்கவில்லையோ, அள்ளி அள்ளித் தின்றார்கள். ஒரு பொம்பளையிடம் போய் வேலைக்குக் காத்து நின்றதில் அத்தனை பேருக்கும் உள்ளே ஒரு முள் இருந்திருக்கிறது. நான் அதைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன்.

என் மனைவி வேறு மாதிரி. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் அவளே அக்காவிடம் போய்விட்டு வந்தாள்.

"அந்தக்கா முன்னாடி கொழும்புப் பக்கம் கார்மன்ட்ஸ்ல இருந்தாங்களாம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"கம்பிரசர் ரூம்ல ஒதவிக்குப் போட்டிருந்தாங்களாம். டேங்குக்கு அடியில ஈரமா கசியுதுன்னு பொறுப்பா இருந்த ஆளுகிட்ட சொல்லியிருக்காங்க. அந்தாளு 'கமக் நே'ன்னுட்டானாம்."

சிங்களத்தில் கமக் நே. தமிழில் பரவால்ல. எல்லாம் ஒரே எழவுதான்.

"மூணாம் நாள் வெடிச்சிருக்கு. இந்தக்கா கதவுக்கு இந்தப் பக்கம். இன்னொரு புள்ள அந்தப் பக்கம். அந்தப் புள்ளையோட பேரைச் சொல்ல வந்தாங்க. சொல்லல. எந்திரிச்சுப் போயிட்டாங்க." மனைவி என் தட்டில் சோற்றைப் போட்டாள். "செவத்துக்கு அந்தப் பக்கம் யாருன்னு உங்ககிட்ட கேட்டாங்களாமே. நீங்க என்னா சொன்னீங்க?"

நான் சோற்றைப் பிசைந்தேன். போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். ஸ்டான்டில் அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு போவது? கடை அறை பூட்டியே கிடந்தது. ஒரு மாதம் போயிருக்கும். அக்காவே போன் பண்ணினார்.

"டிரைவரு, நாளைக்குக் காலைல வாங்க. ஒரு சாமான் காட்டணும்."

திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேசை மேல் இரண்டு டேங்குகள் கிடந்தன. கறுப்பு. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு. பெயின்ட் ஒரு சொட்டுப் புதுசாகப் படவில்லை. எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்று அடித்த தகடு அப்படியே படிக்கிற மாதிரி இருந்தது.

"லொறி டேங்குங்களா?"

"பஸ்ஸு. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். ஒன்றின் அடியில், தண்ணீர் திறக்கிற ஆணியின் வளையத்தில், மஞ்சள் நைலோன் கயிற்றுத் துண்டு. அதில் இரட்டை முடிச்சு. பஸ்ஸுக்கு அடியில் புகாமல் வெளியே நின்றே இழுப்பதற்காக நான் கட்டிய கயிறு. நான் போட்ட முடிச்சு.

"கொட்டகலைப் பக்கம் பஸ் உடைக்கிற எடத்துக்குப் போயிருந்தேன்" என்றார் அக்கா. "ஏழு பஸ்ஸு கெடந்துச்சு. எல்லாத்துக்கும் அடியில படுத்துத் தட்டிப் பாத்தேன். ஆறு பஸ்ஸுல டேங்குக்குள்ள தண்ணி தளும்புது. ஒன்னுதான் காஞ்சு கெடந்துச்சு. கயித்தப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு. காலைல ஸ்டான்டுல கயித்த இழுப்பீங்க, புஸ்ஸுன்னு தண்ணி போகும், ஒங்க கண்டக்டரு 'பஸ்ஸு ஒன்னுக்குப் போகுது, ஒதுங்கி நில்லுங்க'ன்னு கத்துவான். கராஜுக்கு வர மொத பஸ்ஸுக்கு நான் அங்கதான நிப்பேன்."

நான் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதுவும் ஸ்டான்டில் அப்படிப் பேசின வாய்.

"பழைய இரும்பா நிறுத்துத்தான் குடுத்தான். அந்த வெலை ஒங்களால முடியும். சேஃப்டி வால்வு மட்டும் புதுசா வாங்குங்க. மத்ததெல்லாம் பழசா இருக்கலாம், அது இருக்கக் கூடாது. வாங்க, தண்ணி குடுப்போம்."

நிரப்பினோம். இந்தத் தடவை பம்பை நான் அடித்தேன். அறுபது. நூறு. நூற்றிருபது. நூற்றெண்பதில் நிறுத்தினோம். அக்கா டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவினார். வேறொரு வண்டிக்கு வெல்டிங் முடித்துவிட்டு வந்து பார்த்தார். முள் நூற்றெண்பதிலேயே நின்றது. இரண்டாவது டேங்கும் அப்படியே. எனக்கு வந்த சந்தோசத்தில் கத்திவிட்டேன்.

"பரவால்லயே அக்கா!"

ஸ்பேனர் கீழே போனது. துணியில் கையைத் துடைத்தார். நடக்க ஆரம்பித்தார்.

நான் பின்னால் ஓடினேன். "அக்கா, அக்கா! அது அந்தப் பரவால்ல இல்லங்க! இது நல்லா இருக்குன்னு சொல்ற பரவால்ல!"

"எந்தப் பரவால்லயும் வேணாம். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. வாய் வலிக்குதா?"

"நல்லா இருக்குங்க்கா."

"யாரு வச்சிருந்த டேங்கு?"

"நான் வச்சிருந்தது."

"சத்தமா சொல்லுங்க. எனக்கு ஒரு காதுதான்."

"நான் வச்சிருந்ததுங்க்கா!" என்று றோட்டில் நின்று கத்தினேன். தேநீர்க்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஓட்டின பன்னிரண்டு வருசத்தில் ஒருத்தரும் என் வேலையைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான்.

இரண்டு டேங்கையும் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே ஓஸ் போட்டு இணைத்துக் கொடுத்தார். வெல்டிங் என்று ஒரு பொறிகூட அதன் மேல் படவில்லை. பட்டை இரும்பில் ஒரு ஸ்டான்ட் செய்து, மனைவி தைக்கிற பக்கம் இல்லாமல் அடுத்த பக்கத்துக் கல் சுவரோரம் வைக்கச் சொன்னார். புறப்படும்போது, அன்றைக்கு அறுத்த டேங்கின் மேல் பாதியைத் தூக்கி ஓட்டோவில் போட்டார். அதில் இரும்பு நன்றாக இருந்தது. "டியூப முக்கிப் பாக்கத் தண்ணித்தொட்டி வேணும்ல" என்றார். பஞ்சர் பார்க்க இன்றைக்கும் அதில்தான் டியூபை முக்குகிறேன். உள்ளே தண்ணீர், வெளியே பழைய சந்தனக் கோட்டின் கறை.

பஸ் ஸ்டான்டுக்குப் போய் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்கு முதல் கதைதான் பிடித்திருந்தது. கராஜ் இருந்த இடத்தைச் சொந்தக்காரர் விற்றபோது அக்கா கிளிநொச்சியில் தங்கச்சி வீட்டுப் பக்கம் போய்விட்டார். ஊரில் அவரிடம் வண்டி கொண்டு போகாதவன் இல்லை. இருங்க என்று ஒருவன் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போவதற்கு முன்னால், என் கடையின் முதல் ஆயுத பூஜைக்கு வந்திருந்தார். மனைவி சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு டேங்கின் வயிற்றுக்குப் போனாள்.

"அங்க வேணாம் தங்கச்சி" என்றார் அக்கா. குனிந்து அடியில் இருக்கிற ஆணியைக் காட்டினார். "இங்க வைங்க."

மனைவி மண்டி போட்டுத் தண்ணீர் திறக்கிற ஆணியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் காலையில் ஆணியைத் திறந்தேன். புஸ்ஸென்று தண்ணீர் வந்து பொட்டைக் கழுவிக்கொண்டு போனது. வருசா வருசம் அப்படித்தான். எங்கள் டேங்குக்கு வைத்த பொட்டு ஒரு தடவையும் அடுத்த நாள் பகல் வரை நின்றதில்லை. நின்றால், நான் திறக்கவில்லை என்று அர்த்தம்.